யாரும் இல்லாத அறையைப் பார்த்தது யார்?

“எல்லார் மனசுக்குள்ளயும் போனாங்க. இவன் மனசுக்குள்ள மட்டும் போகல. இதுக்கு மேல என்ன மேடம் வேணும் உங்களுக்கு?”

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த வார இதழ்க் கட்டை உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். தூசி பறந்து என் மூக்கில் ஏறியது.

நான் பார்த்த ஸ்டேஷன்களில் ரத்தக் கறை, கைரேகை, உடைந்த பூட்டு என்று எதையாவது எடுத்துக் காட்டுவார்கள். தொடர்கதையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்த இன்ஸ்பெக்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

விஷயம் இதுதான். காணாமல் போனவர் ஓர் எழுத்தாளர். கதையில் யார் வந்தாலும் அவர்கள் மண்டைக்குள் புகுந்து, அங்கே ஓடுவதைப் புட்டுப்புட்டு வைத்துவிடுவார் என்பதால் வாசகர்கள் அவருக்கு ‘எக்ஸ்ரே அக்கா’ என்று பெயர் வைத்திருந்தார்கள். போன வாரம் ஒருநாள் காலையில் மாப்பிள்ளையின் காரில் ஏறிப் போனவர் வீடு திரும்பவில்லை. கைபேசியை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தார். அவர் போட்டுக்கொண்டு போன செருப்பு மட்டும் கார் டிக்கியில் கிடைத்தது. எங்கே இறக்கிவிட்டாய் என்று கேட்டதற்கு மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. நேற்றுக் காலை விசாரணைக்கென்று அவரைத் தூக்கி லாக்கப்பில் போட்டுவிட்டார்கள். இன்று மாலை ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கொலை வழக்கு என்று எழுத இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

எங்களைக் கூப்பிட்டு வந்தது மகள். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மாவைத் தேடறேனா, அவரைக் காப்பாத்தறேனான்னு எனக்கே தெரியல” என்றாள். “ஒருத்தர் கிடைச்சா இன்னொருத்தர் இல்லாம போயிடுவாங்களோன்னு பயமா இருக்கு. அம்மாவோட சர்க்கரை மாத்திரை எல்லாம் வீட்டுலயே கிடக்கு.”

“தேடறது எங்க வேலை. நீங்க இங்கேயே இருங்க” என்றார் பாஸ்.

பாஸ் என்றதும் தொப்பியும் மீசையுமாக யாரையாவது நினைத்துக்கொண்டிருந்தால் உடனே அழித்துவிடுங்கள். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் சொல்லிப் பணம் கேட்பவர்களைப் பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்தவர். ஓர் இடத்தில் நிற்கத் தெரியாது. நின்றால் விரலாவது எதையாவது தட்டிக்கொண்டிருக்கும். நான் அவருடைய உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுபவன், சமயத்தில் திட்டு வாங்குபவன். என் வாய் காரணமாக என்னை ‘லொடலொட’ என்று கூப்பிடுவார்.

“உங்க சட்டத்தை இன்னொரு தடவை சொல்லுங்க இன்ஸ்பெக்டர்” என்றார் பாஸ்.

“இந்தக் கதையில வர்ற குடும்பம் அவங்க குடும்பமேதான், ஊருக்கே தெரியும். ‘இந்த வீட்டிலிருந்து ஒன்று களவு போகப் போகிறது’ன்னு முதல் வாரமே எழுதிட்டாங்க. யார் திருடப் போறாங்கன்னுதான் சஸ்பென்ஸ். அப்பா என்ன நினைக்கிறார், மகள் என்ன நினைக்கிறா, எல்லாம் வருது. நாய் என்ன நினைக்குதுன்னு ஒரு பக்கம் வருது. மாப்பிள்ளை மட்டும் வர்றான், போறான். உள்ளே என்னன்னு சொல்லல. குற்றவாளி மனசுக்குள்ள எழுதறவங்க போகமாட்டாங்க மேடம். போனா அன்னிக்கே கதை முடிஞ்சுடுமே!”

சொன்னது நியாயமாகத்தான் பட்டது. எனக்கே அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது.

“எல்லா வாரமும் படிச்சீங்களா?”

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். “என் மனைவி ஒரு வாரம் விடாம படிப்பாங்க.”

வந்த மரியாதை அப்படியே திரும்பிப் போனது.

லாக்கப் கம்பிக்குப் பின்னால் மாப்பிள்ளை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோடாபுட்டிக் கண்ணாடி, கசங்கிய சட்டை, சதைப்பிடிப்பான உடம்பு. கொலைகாரனுக்கு ஆள் எடுத்தால் முதல் சுற்றிலேயே கழித்துவிடும் முகம்.

“உங்க மாமியாரை எங்க விட்டீங்க?” என்றார் பாஸ்.

“அது மட்டும் கேக்காதீங்க.”

“ஆறு மணிக்கு மேல கொலைக் கேஸ் ஆயிடும்.”

“தெரியும்.” தலையைக் குனிந்துகொண்டார். பிறகு மெதுவாக, “மணி என்ன?” என்று கேட்டார். மூன்றாகப் போகிறது என்றேன். ஏனோ அவர் முகம் வாடிவிட்டது.

வெளியே வந்ததும் நான் சொன்னேன்: “பாஸ், இவர் எதையோ மறைக்கிறார்.”

“அடேங்கப்பா, என்ன கண்டுபிடிப்பு! அந்தக் கட்டுல பாதி நீ படி, பாதி நான் படிக்கிறேன்.”

எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்து படித்தோம். பாஸ் பக்கங்களைப் புரட்டிய வேகத்தில் என் டீ ஆறிப்போனது. எக்ஸ்ரே அக்கா கெட்டிக்காரிதான். ஒரே பக்கத்தில் அப்பாவின் மனதிலிருந்து மகளின் மனதுக்குத் தாவி, அங்கிருந்து லிஃப்ட் ஓட்டுபவரின் மனதுக்குப் போய், ஜன்னல் வழியாக இறங்கி நாயின் மனதில் படுத்துக்கொள்கிறார். படிக்கிற எனக்கே மூச்சு வாங்கியது.

மூன்றாவது வாரத்துக் கதையில் நான் கத்தியேவிட்டேன். “கிடைச்சுருச்சு பாஸ்! மாப்பிள்ளை மனசு இங்க இருக்கு. கேளுங்க: ‘மாப்பிள்ளைக்குப் பசித்தது. அதைத் தவிர அவர் மனதில் எழுதும்படியாக எதுவும் இல்லை.’ ஒரே வரிதான். ஆனா உள்ள போயிட்டு வந்திருக்காங்க.”

“இன்ஸ்பெக்டர் வீட்டம்மா இந்த வாரத்தை விட்டுட்டாங்க போல.”

“அப்போ சட்டம் தப்பு?”

பாஸ் என் பங்கையும் பிடுங்கி முதலிலிருந்து புரட்டினார். விரல் பக்கத்துக்குப் பக்கம் ஏதோ ஓர் இடத்தில் நின்று நின்று போனது. திடீரென்று எல்லாவற்றையும் மூடிவிட்டு எழுந்தார். அவர் மண்டைக்குள் என்ன வெளிச்சம் விழுந்தது என்று எக்ஸ்ரே அக்கா எழுதியிருந்தால் இந்த இடத்தில் சொல்லியிருப்பார். எனக்கு அந்த வசதி இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கு நான்தான் காசு கொடுத்தேன் என்பதுதான்.

“வண்டிய எடு. பத்திரிகை ஆபீசுக்கு. இன்னும் அச்சுக்குப் போகாத அத்தியாயம் இருக்கும்.”

பத்திரிகை ஆசிரியர் கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, காதில் சிவப்புப் பேனாவைச் செருகியிருந்தார். காணாமல் போனவரைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது. அந்தக் கவலையில் பாதி அடுத்த வாரத்துக்கான பக்கங்களைப் பற்றியது.

“காணாம போறதுக்கு முந்தின நாள் குடுத்துட்டுப் போனாங்க. இதோ. நல்லாத்தான் இருக்கு, ஒரு பாரா தவிர. அதை நான் வெட்டிட்டேன்.”

“எதுக்கு?”

“யார் கண்ணால பாக்கறோம்னே தெரியல அம்மா. அவங்க எல்லார் மனசுக்குள்ளயும் தாவுவாங்க, சரி. ஆனா ஒரு காட்சின்னா ஒருத்தராவது அங்க இருப்பாங்க. இதுல யாருமே இல்ல. இவ்வளவு வருஷம் எழுதறவங்க இப்படி ஒரு தப்பு பண்ணி நான் பார்த்ததே இல்ல.”

பாஸ் காகிதத்தை வாங்கினார். நான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். சிவப்புக் கோட்டுக்கு அடியில் இப்படி இருந்தது:

‘அறையில் யாரும் இல்லை. ஜன்னல் கொக்கி உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு ரப்பர் பேண்ட் மாட்டியிருந்தது. வெளியே ஒரு பெரிய விளம்பரப் பலகையின் முதுகு. துருப்பிடித்த இரும்புச் சட்டங்களில் புறாக்கள். சட்டங்களின் இடுக்கு வழியாகக் கீழே பஸ்களின் கூரைகள் தெரிந்தன. வெயில் கொளுத்தும் நாளிலும் அவை நனைந்திருந்தன. சுவர் விட்டுவிட்டு நடுங்கியது.’

“இந்த அறை கதையில வேற எங்கயாவது வருதா?”

“எங்கயும் வரல. அதான் வெட்டினேன்.”

“யாரும் இல்லாத அறையை யார் பாக்கறாங்க லொடலொட?”

“கதை சொல்றவங்கதான் பாஸ். அவங்கதான் கடவுள் மாதிரி, டிக்கெட் வாங்காம எங்க வேணும்னாலும் போவாங்களே.”

“கடவுளுக்குப் பலகையோட முன்பக்கம் தெரியாதா?”

நான் மறுபடி காகிதத்தை எட்டிப் பார்த்தேன். முன்பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“நாய் மனசு தெரிஞ்சவங்களுக்கு அந்தப் பலகையில என்ன விளம்பரம்னு தெரியல” என்றார் பாஸ், காகிதத்தை விரலால் சுண்டிக்கொண்டே. “முதுகு மட்டும்தான் தெரியுது. அப்போ இது கடவுள் கண் இல்ல. ஒரு நாற்காலியில உட்கார்ந்திருக்கற கண்ணு. இந்த அறை கற்பனை இல்ல, அவங்க இதுக்குள்ள உட்கார்ந்து எழுதியிருக்காங்க.”

ஆசிரியர் காதிலிருந்த பேனாவை எடுத்து, தான் போட்ட கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெயில்ல கூரை நனைஞ்ச பஸ்னா கழுவற பஸ். கழுவற மெஷின் ஓடினா சுவர் நடுங்கும். கிளம்பு. டிப்போ.”

எங்கள் ஊரில் டிப்போ ஒன்றா இரண்டா! கிட்டத்தில் இருந்ததற்கு முதலில் பறந்தோம். பஸ் கழுவிக்கொண்டிருந்தார்கள், ஆனால் சுற்றிலும் மைதானம்தான், மாடிக் கட்டடமே இல்லை. ஸ்கூட்டரைத் திருப்புவதற்குள் பாஸ் என் முதுகில் மேளம் வாசிக்கத் தொடங்கிவிட்டார். நடுவில் மகள் போனில் கூப்பிட்டாள்.

“கேஸ் எழுதி முடிச்சுட்டாங்க. ஜீப் ரெடியா நிக்குது. ஏதாவது தெரிஞ்சுதா?”

“தெரியுது. அவர் சாப்பிட்டாரா?” என்று கேட்டார் பாஸ்.

“தொடவே இல்ல. மணி மட்டும் கேட்டுக்கிட்டே இருக்கார்.”

இரண்டாவது டிப்போவின் எதிரே சிக்னலில் நின்றபோது தலையைத் தூக்கினேன். ஒரு பற்பசை விளம்பரம். ஒரு வீட்டையே மறைக்கிற அளவுக்கு ஒரு சிரிப்பு. அந்தப் பல் வரிசைக்குப் பின்னால், மூன்று மாடிப் பழைய விடுதி ஒன்று ஒளிந்துகொண்டிருந்தது.

விடுதியை நடத்துகிற பெண்மணி சாவி மாட்டும் பலகைக்குக் கீழே உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மூன்றாம் மாடியில் பெண் யாராவது தங்கியிருக்கிறார்களா என்று பாஸ் கேட்டார்.

“டீச்சர்னு சொல்லிக்கிட்டு ஒரு அம்மா இருக்காங்க. வெளியவே வர மாட்டாங்க. ஒருத்தர்தான் வந்து ரூம் எடுத்துக் குடுத்தாரு. தங்க வர்றதுக்கு முன்னாடியே ஒருநாள் அந்தம்மா வந்து ரூம்ல உட்கார்ந்து ஏதோ எழுதிட்டுப் போனாங்க. தினம் மூணு மணிக்கு ரொட்டி, மாத்திரை எல்லாம் கொண்டாந்து குடுப்பாரு. நேத்துலேர்ந்து ஆளைக் காணோம்.”

“எப்படி இருப்பார்?”

“குண்டா, சோடாபுட்டிக் கண்ணாடி போட்டுக்கிட்டு.”

பாவம் போல உட்கார்ந்திருந்த அந்த ஆளை நான் நம்பியிருந்தேன்! மாமியாரை அறையில் அடைத்து, நாள் கணக்கில் ரொட்டி போட்டு வைத்திருக்கிறான். நேற்றிலிருந்து அதுவும் போகவில்லை. மாடிப்படியில் கிடந்த ஒரு துடைப்பக்கட்டையை எடுத்துக்கொண்டேன்.

“அது எதுக்கு?” என்றார் பாஸ், இரண்டு இரண்டு படியாக ஏறிக்கொண்டே.

“உள்ள அவனோட கூட்டாளி இருந்தா? பாஸ், அந்தம்மா உயிரோட இருப்பாங்களா?”

“இருப்பாங்க. குற்றவாளியும் இருப்பாங்க.”

கட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். மூன்றாம் மாடியில் ஒரே கதவுதான் சாத்தியிருந்தது. உடைத்துவிடலாம் என்று தோளைச் சாய்த்தேன். பாஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“கண்ணைத் திறந்து பாரு. இந்தப் பக்கம் பூட்டு இருக்கா?”

இல்லை. பூட்டும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. கதவு உள்பக்கமாகத் தாழிட்டிருந்தது.

பாஸ் இரண்டு விரலால் தட்டினார். “வந்துட்டீங்களா மாப்பிள்ளை?” என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. தாழ் விலகியது. தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, காலில் புத்தம் புது நடை ஷூவுடன், எக்ஸ்ரே அக்கா நின்றிருந்தார். என் கையிலிருந்த துடைப்பக்கட்டையைப் பார்த்துவிட்டு, “ரூம் நேத்தே பெருக்கிட்டாங்களே” என்றார்.

ஜன்னல் கொக்கியில் ரப்பர் பேண்ட். வெளியே பலகையின் முதுகு. மேஜை முழுக்கக் காகிதங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ‘நான்’ என்று மட்டும் எழுதி, அதற்கு மேல் போகாமல் விட்டிருந்தது.

“இன்ஸ்பெக்டர் சொன்ன சட்டம் சரிதான் லொடலொட” என்றார் பாஸ். “ஆளுதான் தப்பு. உள்ளே போகாத ஒரு மனசு அந்தக் கதையில இருக்கு. அம்மா. அம்மா சிரிக்கிறா, டீ கொண்டு வந்து வைக்கிறா, கதவைச் சாத்தறா. எல்லா வாரமும் வர்றா. ஒரு வாரமாவது அவ என்ன நினைக்கிறான்னு இருக்கா? திருடப் போறவளும் அவதான், களவு போகப் போறவளும் அவதான். சரியா அக்கா?”

எழுத்தாளர் கட்டிலில் உட்கார்ந்தார்.

“வேணும்னு விடலம்மா. ஒவ்வொரு வாரமும் எழுதத்தான் உட்கார்ந்தேன். அவர் எதுக்கு மூஞ்சியத் தூக்குவார், மக எதுக்கு அழுவா, நாய்க்கு எப்ப பசிக்கும், எல்லாம் கையில தானா வரும். அம்மாவுக்கு என்ன வேணும்னு எழுதப் போனா ஒரு வரி வராது. வயிறு எரிஞ்சுது எனக்கு. யார் மனசையும் தெரிஞ்சுக்க வேணாம், ஒரு மாசம் ‘நான்’னு ஆரம்பிச்சு எழுதிப் பாப்போம்னு வந்துட்டேன்.” காகிதங்களைக் காட்டினார். “இதுதான் எழுதினது.”

“மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொன்னீங்க?”

“அவர்தான் கேட்டார். ‘அத்தை, உங்க முகமே சரியில்ல, என்ன வேணும்’னு. வீட்டுல வேற யாரும் கேட்டதில்ல. ஷூ வாங்கித் தந்து கார்லயே மாட்டிக்கச் சொன்னார். யாருகிட்டயும் சொல்லக் கூடாது, என் மககிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினேன். நேத்துலேர்ந்து வரல. சலிச்சுப்போயிருக்கும், மனுஷன்தானே.”

“லாக்கப்ல இருக்கார்” என்றார் பாஸ். “உங்களைக் கொன்னுட்டதா. ஆறு மணிக்கு மாஜிஸ்ட்ரேட்.”

உலகத்தில் எல்லார் மனதையும் படித்த அந்த முகத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது வெறும் திகைப்பு.

“ஒரு வார்த்தை சொன்னா விட்டிருப்பாங்களே? வாயைத் திறக்கலையா அவரு?” கட்டிலிலிருந்து எழுந்துவிட்டார். “அவர் மனசுல பசியைத் தவிர ஒண்ணும் இல்லன்னு எழுதினேனே பாவி…”

அப்புறம் யாரும் யோசிக்கவில்லை. ஒரு ஸ்கூட்டரில் மூன்று பேர் போனது சட்டப்படி குற்றம். போனது போலீஸ் ஸ்டேஷனுக்கு என்பதால் மன்னித்துவிடுங்கள். வழியெல்லாம் பின்னாலிருந்து “சீக்கிரம், சீக்கிரம்” என்று இரண்டு குரல்கள் என்னை விரட்டின.

நாங்கள் உள்ளே நுழைந்தபோது மாப்பிள்ளையை ஜீப்புக்கு அழைத்துப் போக வெளியே கொண்டுவந்திருந்தார்கள். மகள் “அம்மா!” என்று அலறினாள். இன்ஸ்பெக்டர் எழுந்தார், பிறகு உட்கார்ந்தார், பிறகு மறுபடியும் எழுந்தார். கொலையுண்டவர் நடை ஷூவுடன் நடந்து வந்தால் என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மாப்பிள்ளை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மாமியாரையே பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வி விடுதலையைப் பற்றியது இல்லை.

“சாப்பிட்டீங்களா அத்தை? ரெண்டு நாளா மூணு மணிக்கு என்னால வர முடியல.”

அந்த அம்மாள் பதில் சொல்ல வாயெடுத்தார். பழக்கத்தில் ‘நான் கிடக்கறேன், நீங்க சாப்பிட்டீங்களா’ என்று கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அப்படித்தானே எல்லா அம்மாக்களும் சொல்வார்கள்! ஆனால் அவர் நிறுத்தினார். பெஞ்சில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்குப் பசிக்குது மாப்பிள்ளை” என்றார். “எனக்கு ரொம்பப் பசிக்குது.”

மகள் அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள். “அம்மா இப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

“லொடலொட, போய் எல்லாருக்கும் பன்னும் டீயும் வாங்கிட்டு வா” என்றார் பாஸ்.

“இப்பவா? இப்பத்தானே பாஸ் அவங்க பேசப் போறாங்க…”

“இப்பத்தான்.”

கதை சொல்பவனைக் கடைசி நேரத்தில் கடைக்கு அனுப்புகிற அநியாயத்தை வேறு எந்த உதவியாளனும் அனுபவித்திருக்க மாட்டான். கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது, சாலைக்கு இந்தப் பக்கமிருந்து ஸ்டேஷன் ஜன்னலைப் பார்த்தேன். அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். மகளும் மாப்பிள்ளையும் அவருக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பாஸின் விரல்கள்கூடச் சும்மா இருந்தன. ஒருத்தரும் குறுக்கே பேசவில்லை. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. டீ ஆறிப்போகும் என்று தெரிந்தும், அவர் பேசி முடிக்கும்வரை நான் சாலையைக் கடக்கவில்லை.